சாவிக்கார மேரிம்மா

பூட்டைத் திறந்த பிறகும் அடைக்கலமேரி உடனே உள்ளே போவதில்லை. கதவை ஒரு சாண் தள்ளிவிட்டு, இருட்டைப் பார்த்து, "யாராச்சும் கீறீங்களா?" என்று குரல் கொடுக்கிறார். வெளியே பூட்டியிருந்த அறைக்குள் யார் இருக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எலி கீது, பல்லி கீது. அதுங்களுக்கும் ஒரு சேதி சொல்ல வாணாமா? திடீர்னு நொயஞ்சா அதுங்களுக்கு இன்னா ஆவும்?" என்றார். அவர் கேட்டது எனக்கு மட்டுமல்ல, எதிர்வரிசை டீக்கடைக்கும் கேட்டிருக்கும்.

மேரிம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. அவருடைய கணவர் வெள்ளத்துரை காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர். பாறை பாறையாக வரும் ஐஸை நொறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நின்று அவருடைய காது பாதி போய்விட்டது. "அந்தாளுக்குக் கேக்கணும்னு கத்திக் கத்தி இப்போ எனுக்கே மெல்லப் பேசினா கேக்க மாட்டேங்குது" என்பார் மேரிம்மா. சண்டை வந்தால் வீட்டு ரகசியம் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று சிரிப்பார்.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்கு அருகே எங்கள் சந்தில் மூன்று கதவுகளின் சாவிகள் அவரிடம் இருக்கின்றன. ஒன்று தண்டபாணியின் கயிற்றுக்கடை. விசைப்படகுகளுக்கு வேண்டிய நைலான் கயிறும் வலையும் விற்கிறார். இரண்டாவது ஒரு ஹோமியோபதி டாக்டரின் மருத்துவமனை. மூன்றாவது, நாங்கள் பாய் என்று அழைக்கும் மதார் சாகிபு நடத்தும் கிளியரிங் ஏஜென்சி. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கத்தில் காகிதம் காட்டி வெளியே எடுத்துக் கொடுக்கும் அலுவலகம். அங்கேதான் நான் கணக்கு எழுதுகிறேன். சாவிகளை அடையாளம் காண அவற்றில் புடவைக் கிழிசல்களைக் கட்டி வைத்திருக்கிறார். சிவப்பு கயிற்றுக்கடை, மஞ்சள் டாக்டர், பச்சை பாய். வளையத்தை இடுப்பில் ஊக்குப் போட்டுச் செருகியிருப்பார். நடந்தால் சின்னதாக ஒரு சலங்கைச் சத்தம்.

பெருக்கித் துடைத்தபின் மூன்று இடத்திலும் ஊதுபத்தி ஏற்றுவார். தண்டபாணி கடையில் முருகன் படத்துக்கு. எங்கள் அலுவலகத்தில், பாய்க்கு அந்த வாசனை பிடிக்கும் என்பதற்காக. டாக்டர் அறையில் வழுக்கைத் தலை வெள்ளைக்காரர் ஒருவரின் படம் மாட்டியிருக்கிறது. அதற்கும் இரண்டு குச்சி. "யாருன்னு டாக்டராண்ட கேட்டேன். இந்த மாத்திரையக் கண்டுபுடிச்சவராம். சரி, இத்தினி பேருக்கு ஒடம்பு நல்லாக்கிகீறாரு, அவருக்கு மட்டும் இன்னாத்துக்கு கொறை வைக்கணும்?" மூன்றும் முடிந்தபின் தெருவில் இறங்கி, மாதா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் தனக்காக ஒரு சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்.

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. இன்னொருவர் பெயரில் உள்ளதைத் தொடமாட்டார். மேசை இழுப்பறை பாதி திறந்து கிடந்தால் அதை மூடக்கூட மாட்டார். "தொறந்தது அவங்க. மூடுறதும் அவங்க வேலை. நான் மூடினேன்னு வெச்சுக்கோ, தொறந்தேனான்னு ஒருத்தன் கேப்பான்." கயிற்றுக்கடையில் காலையில் தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டார். துடைப்பத்துடன் அதன் பக்கத்தில் போய் நின்று, அடித்துக்கொண்டிருக்கும் கருவியைப் பார்த்து, "அண்ணன் ஒம்போது மணிக்குத்தான் வருவாரு!" என்று கத்திச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார். எடுத்தே சொல்லலாமே என்றால், "அவரு போனு. அவரு எடுக்கச் சொல்லலியே" என்பார். "சாவி கைல கீதுன்னா எல்லாம் நம்முதுன்னு ஆயிடுமா நைனா? சாவி வெச்சுகீறவதான் ஜாஸ்தியாப் பாத்துக்கணும்."

இந்தச் சட்டத்தால் ஒரு முறை எங்கள் அலுவலகமே கலங்கிப்போனது.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் குமாஸ்தா கமாலுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. அலுவலகத்தின் ஒரே கணினியை அதுவரை காலையில் வந்து போடுவதும் மாலையில் அணைப்பதும் அவன்தான். அவன் இடத்துக்கு வியாசர்பாடியிலிருந்து சித்தார்த் என்ற இளைஞன் வந்தான். பி.காம். படித்தவன், அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு அலுவலக வேலைக்குப் போகும் முதல் ஆள் அவன்தான் என்று அவன் அம்மா ரமாபாய் எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவன் காலையில் நேராகத் துறைமுகத்துக்குப் போய் சுங்க வேலைகளை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு மேல்தான் அலுவலகம் வருவான். கணினியோ பழசு. தட்டினால் எழுந்து வருவதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். அதனால் பாய் மேரிம்மாவிடம், "பெருக்கும்போதே அந்த சுவிட்சைப் போட்டு விட்டுடுங்கம்மா. நாங்க வர்றப்ப தயாரா இருக்கும்" என்று சொல்லியிருந்தார்.

கப்பல் கம்பெனிகள் அப்போது எல்லாத் தகவலையும் மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கியிருந்தன. எந்தக் கப்பல் எப்போது வருகிறது, நம் சரக்கு எதில் இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் வரும். தெருவில் கேபிள்காரரே இணைய இணைப்பும் கொடுத்திருந்தார். கமால் காலத்தில் கணினியைப் போட்டால் மெயில் புரோகிராம் தானே திறந்து, வந்த கடிதங்களைத் தானே இறக்கி வைத்துவிடும். சித்தார்த் வந்ததிலிருந்து அது அடம்பிடிக்க ஆரம்பித்தது. தினமும் காலையில் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு சின்னப் பெட்டி எழும்பி நிற்கும். கடவுச்சொல் பாய்க்கும் சித்தார்த்துக்கும் மட்டுமே தெரியும். பாய்க்குத் தட்டச்சு வராது. சித்தார்த் வந்து தட்டி, 'நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் குறியும் போடுவான். மறுநாள் காலையில் அந்தக் குறி இருக்காது. பெட்டி மட்டும் நிற்கும். அவன் நாள் முழுக்கத் துறைமுகத்தில் இருக்கும் நாளில் கடிதங்கள் எல்லாம் வெளியிலேயே காத்துக்கிடக்கும்.

திருவொற்றியூரிலிருந்து திருமுருகன் என்ற சர்வீஸ் பையன் வந்தான். நல்ல வேலைக்காரன். கணக்கை அழித்துப் புதிதாக ஏற்றினான். கணினியை அணைத்துப் போட்டுக் காட்டினான், கடவுச்சொல் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை, கேட்டது. மறுபடி வந்தான். இந்த முறை மெயில் புரோகிராமையே வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி நட்டான். மாலையில் சமர்த்தாக இருந்தது. காலையில் பழைய குருடி கதவைத் திறந்தாற்போல் பெட்டி நின்றது. வைரஸ் தேடினான், இல்லை. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "சாயங்காலம் சோக்காத்தான் சார் இருந்துச்சு. நடுவுல யாரோ கை வெச்சிகினு கீறாங்க" என்றான்.

மாலையில் கடைசியாகக் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்புகிறவன் சித்தார்த். பாயின் முகத்தில் ஒரு நிழல் விழுந்ததை நான் பார்த்தேன். புதுப் பையன் தான் இல்லாமல் எதுவும் நடக்கக்கூடாது என்று வேண்டுமென்றே ஏதோ செய்துவைக்கிறானோ என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்கிற மனிதர் அல்ல அவர். மனசுக்குள் வைத்து நொந்துகொண்டிருந்தார்.

நோன்பு மாதம் நெருங்கியது. மண்ணடி வியாபாரி ஒருவருக்குப் பேரீச்சம்பழம் ஒரு கண்டெய்னர் வரவேண்டியிருந்தது. கப்பல் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டது. அந்தத் தகவல் மின்னஞ்சலில் வந்து, பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றது. சித்தார்த் வேறொரு சரக்குக்காக இரண்டு நாள் துறைமுகத்திலேயே கிடந்தான். கப்பல் வந்துவிட்ட சேதியைக் கடைசியில் அந்த வியாபாரியே வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டு எங்களுக்குப் போன் செய்தார். ஓடியாடிப் பழத்தை நோன்புக்கு முன்பே வெளியே எடுத்துவிட்டோம். ஆனால் அந்தப் போனில் அவர் பேசியதைப் பாய் தாங்கவில்லை. அன்று மதியம் சித்தார்த்தை அழைத்து, அவன் முகத்தைப் பார்க்காமல், "இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்கப்பா" என்றார்.

அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளிப்படியில் போய் உட்கார்ந்தான். மூடியைத் திறக்கவில்லை.

டாக்டரின் மருத்துவமனையை மதிய இடைவேளையில் பூட்டவந்த மேரிம்மா அவனைப் பார்த்தார். "இன்னா நைனா, சோத்த வெச்சிகினு சோத்தையே பாத்துகினு குந்திகீற?" என்றார். அவன் சொன்னான். ஏதோ பெட்டி, ஏதோ கடவுச்சொல், தன்மேல் சந்தேகம் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. நேராக உள்ளே வந்து பாயின் மேசை முன்னால் நின்றார்.

"பாய், ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அந்தப் புள்ள இத்தப் பண்ணத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்லம்மா. ஆனா வேற யாரு..."

"வேற யாருன்னு தெரியாகாட்டி அவன்னு ஆயிடுமா?" மேரிம்மா விடவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நாளைக்கு அந்தப் புள்ளய வராதேன்னு சொல்லுங்க. இன்னிக்கு சாயந்தரம் பொட்டிய நீங்களே அணைங்க, நீங்களே பூட்டுங்க. நாளைக்குக் காலைல அது கேக்கலேன்னா, அவன்தான். நானே அவன் காதத் திருகி இஸ்துகினு வரேன். கேட்டுச்சுன்னா?"

பாய் திருமுருகனுக்குப் போன் செய்யச் சொன்னார்.

அன்று மாலை திருமுருகன் வந்து எல்லாவற்றையும் சரிசெய்து, கடவுச்சொல்லைப் போட்டுச் சேமித்துக் காட்டினான். சித்தார்த் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பாய் தன் கையால் கணினியை அணைத்து, மேரிம்மாவின் சாவியை வாங்கித் தன் கையால் கதவைப் பூட்டி, அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் நாங்கள் வந்து பார்த்தபோது பெட்டி நின்றுகொண்டிருந்தது. கடவுச்சொல் கேட்டது.

மேரிம்மாவின் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு, "பாத்தீங்களா! பாத்தீங்களா பாய்! அந்தப் புள்ள வூட்ல தூங்கிகினு கீது! பச்சப் புள்ள மேல பழி போட்டீங்களே!" என்று தெருவுக்கே அறிவித்தார். தண்டபாணி தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா, சரிம்மா, என் தப்புதான்" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்தப் பையனை அனுப்ப அவருக்கும் மனசில்லை.

ஆனால் திருமுருகன் வேறு யோசனையில் இருந்தான். ராத்திரி அணைத்தபோது நன்றாக இருந்தது, காலையில் கெட்டிருக்கிறது. அப்படியென்றால் அது காலையில்தான் கெடுகிறது. மறுநாள் மேரிம்மா கதவைத் திறக்கும் நேரத்துக்கே அவன் வந்து நின்றுவிட்டான். நானும் போனேன். பாயும் வந்தார். சித்தார்த் அன்று துறைமுகத்துக்குப் போகவில்லை.

மேரிம்மா எங்களைக் கண்டு மலைக்கவில்லை. வழக்கம்போல எலிகளுக்கும் பல்லிகளுக்கும் குரல் கொடுத்தார். தண்ணீர் தெளித்தார். கணினியின் மேலிருந்த துணியை எடுத்து உதறி மடித்தார். சுவிட்சைப் போட்டார். திரை வெளுத்து, நீலமாகி, நடுவில் ஒரு சாம்பல்நிறக் கட்டம் வந்தது. அதில் கமாலின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். மேரிம்மா மௌஸை இரண்டு கையாலும் பிடித்து, சோற்றுப்பானையை நகர்த்துவதுபோல் பையப் பைய நகர்த்தி, இரண்டாவது பொத்தானை அமுக்கினார்.

"நில்லும்மா!" என்றான் திருமுருகன். "இப்ப இன்னா அமுக்குன?"

"கேன்சல்."

"டெய்லி கேன்சல்தான் அமுக்குவியா?"

"ஆமா. நம்மாண்ட ரப்பர் ஸ்டாம்பு கீதே கேன்சல்னு, அதே எயுத்து. எனுக்கு அது நல்லாத் தெரியும்."

"ஏம்மா கேன்சல் அமுக்குன? அந்தப் பக்கம் ஓகேன்னு கீதே?"

மேரிம்மா அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். "இன்னா கேக்குற நீ? அதுல கமாலு பேரு போட்டுகீது. நான் கமாலா?"

திருமுருகன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். சிரித்து முடித்து எங்களுக்கு விளக்கினான். கணினி முதலில் கேட்கும் கேள்வி, வந்திருப்பது யார் என்பது. பெயரை ஒத்துக்கொண்டு உள்ளே போனால், அந்தப் பெயருக்கென்று பத்திரப்படுத்திய கடவுச்சொற்களை எடுத்துக் கொடுக்கும். கேன்சல் கொடுத்தாலும் உள்ளே விட்டுவிடும். ஆனால் ஊர் பேர் தெரியாத ஆளாக. அப்படிப்பட்ட ஆளுக்காக அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. அவன் மாலையில் பழுதுபார்க்க வரும்போதெல்லாம் யோசிக்காமல் எண்டரைத் தட்டிக் கமாலாகவே உள்ளே போயிருக்கிறான். அதனால் அவன் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருந்தது. கணினியை அணைத்து, மறுபடி போட்டு, எண்டர் தட்டிக் காட்டினான். மெயில் புரோகிராம் தானே திறந்தது. எதையும் கேட்கவில்லை. கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

மேரிம்மா இறங்கும் கடிதங்களைப் பார்க்கவில்லை. சித்தார்த்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுதான் முதன்முதலாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

"என்னாலயா நைனா உனுக்கு இம்மாம் பேஜாரு?"

"அட, வுடு மேரிம்மா" என்றான் சித்தார்த். "நீ மட்டும் முந்தாநேத்து உள்ள வந்து பேசலேன்னா நான் இந்நேரம் வேற வேலை தேடிகினு இருப்பேன்."

"இருந்தாலும் நான் அமுக்குனதுக்கு நீயில்ல பாட்டு வாங்கிகீற."

பாய் நடுவில் வந்தார். "பாட்டு படிச்சவன் நான்மா. அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்." சித்தார்த்தின் தோளில் கையை வைத்தார். டீக்கடைக்கு ஆள் அனுப்பினார். டீயோடு பட்டர் பிஸ்கட்டும் வந்தது.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். திருமுருகன் கருவிகளைப் பையில் போட்டபடி, "அவ்ளோதான்மா. நாளைலேர்ந்து கேன்சல் அமுக்காத. எண்டர் தட்டு, போதும்" என்றான்.

"மாட்டேன்" என்றார் மேரிம்மா. குரல் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது.

"ஏம்மா?"

"எத்தினி வாட்டி சொல்றது? அது கமாலு வூட்டுக் கதவு. அந்தப் புள்ள சார்ஜால கீது. அது இல்லாத நேரத்துல அது பேரச் சொல்லிகினு நான் உள்ள போவேனா? நாளைக்கு அதுல ஒண்ணு கலீஜாயி, கமாலு வந்தான் போனான்னு எயுதி வெச்சிருந்தா, அந்தப் புள்ளயில்ல மாட்டும்? இப்போ இந்தப் புள்ள மாட்டல?"

சித்தார்த்துதான் வழி சொன்னான். "அண்ணே, கமாலு பேர எடுத்துட்டு மேரிம்மா பேரப் போட்டுடேன்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "நல்லாத்தானே இருக்கு? கதவைத் திறக்கிறவங்க பேருதானே முதல்ல இருக்கணும்" என்றார்.

அந்தப் பெயர் இன்றுவரை அங்கே இருக்கிறது. அதற்குப் பிறகு மெயில் புரோகிராம் கடவுச்சொல் கேட்டு நின்றதே இல்லை. சித்தார்த்துக்குக் கல்யாணமாகிவிட்டது, இன்னும் எங்களிடம்தான் இருக்கிறான். கணினியை மாற்றலாம் என்று பாய் அடிக்கடி சொல்கிறார், மாற்றுவதில்லை.

அன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். திருமுருகன் மேரி என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து தட்டினான். மேரிம்மா தடுத்தார். "ராயபுரத்துல கல்லெடுத்துப் போட்டா ஒரு மேரி மேல உயும். முயுசாப் போடு. அடைக்கலமேரி." அவன் அழித்துவிட்டு முழுதாகத் தட்டினான். தன் பெயர் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் ஊர்ந்துவருவதை அவர் கண் எடுக்காமல் பார்த்தார். அடுத்த கட்டம் வந்தது. அந்தப் பெயருக்கு ஒரு கடவுச்சொல் வேண்டுமா என்று கேட்டது.

"இத்த சும்மா வுட்டுடலாம்மா" என்றான் திருமுருகன். "கமாலும் ஒண்ணும் வெக்கல. காலியா வுட்டு எண்டர் தட்டினா தொறந்துக்கும்."

"அப்போ பூட்டு இல்லாத வூடா?"

"பூட்டு வோணும்னா போட்டுக்கலாம். இன்னா போடட்டும், சொல்லு."

"உன்னாண்ட எதுக்குச் சொல்லணும்?"

"சொன்னாத்தானம்மா நான் தட்ட முடியும்?"

"நான் தட்டிக்கிறேன். ஏபிசிடி எனுக்குத் தெரியும். எட்டாவது வரிக்கும் படிச்சிகீறேன்."

"நீங்க லீவு போட்டா நாங்க எப்படிம்மா திறக்கிறது?" என்று பாய் கவலையோடு கேட்டார்.

"நான் என்னிக்கு பாய் லீவு போட்டேன்?" என்றார் மேரிம்மா. அது உண்மைதான்.

திருமுருகன் எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தான். அவர் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து, விசைப்பலகையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் நால்வரும் ஆவலோடு அவர் முதுகுக்குப் பின்னால் நெருங்கினோம். மேரிம்மா திரும்பி எங்களை வரிசையாகப் பார்த்தார். திருமுருகன், சித்தார்த், நான், கடைசியாக மதார் சாகிபு. ஆள்காட்டி விரலை உயர்த்தி, காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

நாங்கள் நால்வரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம்.